வடலூர் அடுப்பும் ஏழுகிணற்றுப் பின்வாசலும்

இளங்கலை மாணவர்க்குத் திருவருட்பாவை நடத்தும்போதெல்லாம் நாம் ஒரு கதையைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். தந்தையை இழந்த சிறுவன். அவன் படிக்க மறுத்ததால் வீட்டைவிட்டு விரட்டிய கடுமனம் கொண்ட அண்ணன். கணவருக்குத் தெரியாமல் பின்வாசல் வழியே அச்சிறுவனுக்குச் சோறிட்ட அண்ணி. இந்த இடத்தில் குரலைச் சற்றே தாழ்த்தினால் போதும், வகுப்பு அமைதியாகிவிடும். பல ஆண்டுகளாக அது தவறியதே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, அந்த வீட்டுல சம்பாதிச்சது யாருங்க?" என்று கேட்டார்.

"அண்ணன்தான்" என்றோம்.

"அப்ப அவரு கோபப்பட்டதுல என்னங்கய்யா தப்பு?"

வகுப்பு சிரித்தது. நாமும் புன்னகைத்துவிட்டுப் பாடலுக்குள் நுழைந்துவிட்டோம். அந்த மாணவர் தந்தையில்லாக் குடும்பத்தின் மூத்த மகன் என்பதையும், இரவெல்லாம் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கிவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருகிறார் என்பதையும், அவருடைய தம்பி அந்த ஆண்டுதான் பள்ளிப்படிப்பை நிறுத்தியிருந்தான் என்பதையும் பின்னரே ஒரு நண்பர் வாயிலாக அறிந்தோம். வாழ்ந்து மறைந்த ஒரு மனிதரை ஆண்டுதோறும் கொடியவராக்கி வகுப்பின் கண்ணீரைச் சம்பாதித்து வந்திருக்கிறோம் என்ற எண்ணம் அன்று முதல் நம்மை உறுத்தத் தொடங்கியது. அவருடைய வினாவுக்கு நாம் தேடிக்கொண்ட விடையே இக்கட்டுரை.

வினா அண்ணனைப் பற்றியதுதான். ஆனால் அதன் அடியில் வேறொரு வினாவும் இருக்கிறது. ஓர் இளம்பருவம் ஒருவரை ஆன்மிகத் தலைமைக்கு எவ்வாறு ஆயத்தப்படுத்துகிறது? இதற்கு நம்மவர் இருவகை விடைகளைக் கைவசம் வைத்திருக்கின்றனர். பிறக்கும்போதே அவர் நிறைவுற்றவர், இளமை என்பது வெறும் விளையாட்டு என்பது ஒரு விடை. துன்பப்பட்டார், ஆகவே ஞானியானார் என்பது மற்றொன்று. இராமலிங்க அடிகளின் வாழ்வை ஊன்றிப் பார்த்தால் இவ்விரண்டுமே போதா என்பது விளங்கும்.

மருதூரும் ஏழுகிணறும்

சிதம்பரத்துக்கு வடமேற்கே உள்ள மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இராமலிங்கர் பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை ஊர்க்கணக்கர். சிறுவர்களுக்கு எழுத்தும் கற்பித்தவர். தாயார் சின்னம்மையார். ஐந்து பிள்ளைகளுள் இராமலிங்கரே கடைசி. ஐந்தாம் மாதத்தில் தில்லைக்குத் தூக்கிச் சென்றபோது திரை விலகியதும் குழந்தை சிரித்தது என்னும் செய்தியை அவர் வரலாறு எழுதிய அனைவரும் கூறுவர். அச்சிரிப்பைப் பற்றி எழுதியோர் அதற்கு அடுத்து நடந்ததை ஒரே வரியில் கடந்துவிடுகின்றனர். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையார் இறந்தார்.

கணக்குப்பிள்ளை இறந்தால் கணக்கும் போயிற்று, வருவாயும் போயிற்று. சின்னம்மையார் ஐந்து பிள்ளைகளுடன் தம் பிறந்தகமான பொன்னேரியை அடுத்த சின்னகாவணத்துக்குப் போனார். அங்கிருந்து சென்னைக்கு வந்தார். ஏழுகிணறு பகுதியில் வீராசாமிப் பிள்ளைத் தெருவில் ஒரு வீட்டில் குடும்பம் குடியேறியது. கோட்டைக்குக் குடிநீர் தரும்பொருட்டுக் கும்பினியார் 18ஆம் நூற்றாண்டில் அமைத்த கிணறுகளால் பெயர்பெற்ற பகுதி அது. பிற்காலத்தில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றம் பெற்ற கறுப்பர் நகரத்தின் வடபகுதி. வணிகர், நெசவாளர், துபாஷிகள், கூலிகள், புலவர்கள் எனப் பல திறத்தாரும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம்.

ஆக, தில்லைத் திருச்சிற்றம்பலத்தின் பிள்ளையாகப் பாடப்படும் அடிகள், தம் குழந்தைப் பருவம் தொடங்கி 35ஆம் அகவை வரை வாழ்ந்தது சென்னைப் பட்டணத்தின் நெரிசல் மிகுந்த தெரு ஒன்றில் என்பதை நாம் மறந்துவிடலாகாது. வடலூர்ப் பெருவெளிக்குப் பின்னால் ஏழுகிணற்றுச் சந்து நிற்கிறது.

அண்ணன், அண்ணி, தம்பி

மூத்தவர் சபாபதி பிள்ளை. காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் தமிழ் பயின்று, செல்வர் இல்லங்களில் புராணச் சொற்பொழிவு ஆற்றி, அதில் வந்த பொருளால் குடும்பத்தைக் காத்தவர். அன்றைய சென்னையில் இது மதிப்புள்ள தொழில்தான். எனினும் நிலையான தொழிலன்று. ஒரு புராணம் முடிந்தால் அடுத்த அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். குரல் கெட்டால் வருவாய் நின்றுவிடும். நிலமோ வயலோ பின்னால் இல்லை. கற்ற கல்வி ஒன்றே முதல்.

அவர் தம் தம்பிக்கும் அந்த முதலையே தர விரும்பினார். தாமே கற்பித்துப் பார்த்தார். பின்னர்த் தம் ஆசிரியரிடமே அனுப்பினார். தம்பியோ பாடத்தில் நாட்டமின்றிக் கந்தகோட்டத்து முருகன் சன்னிதியில் பொழுதைக் கழித்தான். கல்வி வேண்டாம் என்பது அந்த வீட்டில் சோறு வேண்டாம் என்பதற்குச் சமம். அண்ணன் அதை அப்படியே புரிந்துகொண்டார். படிக்காதவனுக்குச் சோறும் துணியும் தரலாகாது, வீட்டில் சேர்க்கலாகாது என்று கட்டளையிட்டார்.

இச்செயலை நாம் நியாயப்படுத்தவில்லை. பசித்த சிறுவனுக்குச் சோற்றை மறுப்பது எந்நாளும் கொடுமையே. ஆனால் அதன் ஊற்று வெறுப்பன்று, அச்சம் என்பதையே சுட்டுகிறோம். தந்தையின் இடத்தில் நிற்க வேண்டி வந்த இளைஞர் ஒருவர், தந்தை எப்படி நடப்பார் என்று பார்த்துக் கற்க வாய்ப்பில்லாமலேயே தந்தையாக நடந்துகாட்ட முயன்று தவறினார். நம் மாணவர் உணர்ந்தது இதனை. நாம் உணராதிருந்தது இதனை.

அண்ணி பாப்பாத்தி அம்மாள் கட்டளையை மீறினார். பின்வாசலில் ஒளித்துச் சோறிட்டார். வீட்டில் விருந்தினர் கூடிய நாளொன்றில், எல்லோரும் உண்டு சென்றபின் மைத்துனன் மட்டும் மறைவாக வந்து உண்பதைக் கண்டு கலங்கி, ஒப்புக்குப் படித்தாலும் வீட்டுக்குள் வந்துவிடலாமே என்று அவர் கெஞ்சியதாக வரலாறு கூறுகிறது. சிறுவன் இசைந்தான். மாடியில் ஓர் அறையும், சில நூல்களும், ஒரு விளக்கும், ஒரு கண்ணாடியும் கேட்டுப் பெற்றான். கண்ணாடியை நிறுத்தி, விளக்கேற்றி, கதவை அடைத்துக்கொண்டான். கண்ணாடியில் தணிகை முருகன் காட்சி தந்ததாக அவரே பாடியிருக்கிறார். அப்போது அகவை 9 என்பர்.

இந்தச் சில நிகழ்ச்சிகளில் பின்னாளைய வடலூர் முழுவதும் வித்தாக இருக்கிறது என்பதே நம் கருத்து. ஆனால் வித்து மட்டுமே மரமாகிவிடுவதில்லை. இடையில் நடந்தவற்றையும் பார்க்க வேண்டும்.

பட்டணத்துப் பசி

1832-33இல் குண்டூர்ப் பஞ்சம் வந்தது. சென்னை மாகாண வரலாற்றின் கொடிய பஞ்சங்களுள் ஒன்று. குண்டூர்ப் பகுதி மக்கள் பல்லாயிரவர் வடக்குப் பெருஞ்சாலை வழியே சென்னையை நோக்கி நடந்தனர். வழியிலேயே மடிந்தவர் பலர். அப்போது இராமலிங்கருக்கு 10 அகவை. வீடு பட்டணத்தின் வடபுறம்.

அவ்வீட்டிலிருந்து சற்று வடக்கே போனால் மணியக்காரர் சத்திரம். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கிய இடம் அது. மக்கள் வழக்கில் அதற்குக் கஞ்சித்தொட்டி என்றே பெயர். பின்னர் அங்கு மருத்துவமனையும் எழுந்தது. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் தொடக்கம் அதுவே. ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூருக்கு நடந்து போகிறவர் போக வேண்டிய திசையும் வடக்குத்தான். 12 அகவை தொடங்கிப் பல ஆண்டுகள் இராமலிங்கர் ஒற்றியூர்த் தியாகேசரையும் வடிவுடை அம்மனையும் வழிபட நடந்தே சென்று வந்தார். வீட்டில் பசி; தெருவில் பசி; கோயிலுக்குப் போகும் வழியிலும் பசி. இவற்றைக் காணாமல் அவர் வளர்ந்திருக்க முடியாது என்பது நம் அனுமானம்.

அனுமானத்துக்கு மேற்பட்ட சான்று அவர் பாட்டிலேயே உண்டு. ஒற்றியூருக்குப் போய் வந்து திண்ணையில் பசியோடு படுத்திருந்த இரவில் யாரோ தம்மை எழுப்பி அமுது தந்ததை அவர் பிற்காலத்தில் பாடியுள்ளார். வந்தது வடிவுடை அம்மனே என்றும், கோயில் குருக்கள் வடிவில் இறைவனே வந்தான் என்றும் பலவாறு கூறுவர். நாம் கவனிக்க வேண்டியது வேறு. பல ஆண்டுகள் கழித்தும் அவர் மறவாது நினைவுகூர்வது உணவைத் தந்த கையையும், பசித்தாயோ என்று கேட்ட கேள்வியையும். அந்த இறைவனை அவர் அங்கே அழைப்பது தாய் என்று.

இதனோடு சேர்த்து எண்ண வேண்டிய இன்னொரு பாட்டு ஆறாம் திருமுறையில் உள்ளது. மகனைத் தந்தை அடித்தால் தாய் எடுத்து அணைப்பாள், தாய் அடித்தால் தந்தை எடுத்து அணைப்பான். எனக்கோ இருவரும் நீ ஒருவனே, நீயே அடித்தால் நான் எங்கே போவேன் என்பது அதன் கருத்து. பக்தி இலக்கியத்தில் இறைவனை அம்மையப்பனாகக் காண்பது புதிதன்று. ஆனால் ஒருவர் அடிக்க மற்றொருவர் அணைக்கும் வீட்டின் உள்முறையை இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்கு, தண்டித்த அண்ணனுக்கும் சோறிட்ட அண்ணிக்கும் இடையே நின்ற சிறுவன் ஒருவன் வேண்டியிருக்கிறது. மரபு தந்த படிமத்துக்குள் தம் வீட்டை வைத்துப் பாடினார் அடிகள்.

முத்தியாலுப்பேட்டை மேடை

பசி ஒன்றே தலைவரை உருவாக்குவதில்லை. தலைவருக்குச் சொல் வேண்டும். அச்சொல் இராமலிங்கருக்கு எங்கே வாய்த்தது?

முத்தியாலுப்பேட்டையில் சோமு செட்டியார் இல்லத்தில் சபாபதி பிள்ளை பெரியபுராணம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு ஒருநாள் உடல்நலம் குன்றியது. நிகழ்ச்சி தடைபடாதிருக்கச் சில பாடல்களை மட்டும் படித்துவிட்டு வருமாறு தம்பியை அனுப்பினார். பாடல் படிக்கப் போனவர் பொருள் விரிக்கத் தொடங்கி நள்ளிரவு வரை பேசினார். கேட்டோர் இனி இவரே தொடர வேண்டும் என்றனர்.

இந்நிகழ்ச்சியை அண்ணனின் தோல்வியாகவே நாம் சொல்லி வந்திருக்கிறோம். திரும்பிப் பார்த்தால் அது அண்ணனின் கொடை என்றும் தோன்றுகிறது. அந்த மேடை அண்ணன் தேடியது. அந்த அவை அண்ணன் சேர்த்தது. பெரியபுராணம் அந்த வீட்டுக்கு அடுப்பெரியச் செய்த நூல். சிறுவயது முதல் அந்நூலின் ஓசை வீட்டில் ஒலித்துக்கொண்டிருந்தது. எவரிடமும் முறையாகக் கற்கவில்லை, ஓதாமலே உணர்ந்தேன் என்று அடிகள் பாடியதை நாம் ஐயுறவில்லை. ஓதாமல் உணர்வதற்கும், ஓதும் ஒலி நிறைந்த வீடு ஒரு நல்ல இடம் என்று மட்டும் சொல்கிறோம்.

அந்தப் பெரியபுராணத்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. இளமையில் பெற்றோரை இழந்து, தமக்கையார் திலகவதியாரால் காக்கப்பட்ட மருள்நீக்கியார் செல்வத்தின் நிலையாமையை எண்ணி அறச்சாலைகளையும் தண்ணீர்ப் பந்தல்களையும் அமைத்தார் என்று சேக்கிழார் சொல்கிறார். அதன்பிறகே அவர் சமணம் புகுந்து, சூலைநோயுற்று, நாவுக்கரசரானார். பெற்றோரை இழந்த பிள்ளை முதலில் செய்தது பிறர் பசியையும் தாகத்தையும் தணித்தது. பிறகுதான் சமயத் தேடல். இந்த வரிசைமுறை இராமலிங்கரின் கண்ணில் படாமல் போயிருக்குமா?

மேடை கிடைத்தபின் இராமலிங்கர் அண்ணனின் தொழிலையே தொடர்ந்திருக்கலாம். பெயரும் பொருளும் சேர்ந்திருக்கும். 1851இல் ஒழிவிலொடுக்கத்தையும், 1855இல் தொண்டமண்டல சதகத்தையும் பதிப்பித்து, 1854இல் மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூலையும் வெளியிட்ட அவருக்குப் பட்டணத்தில் புலவர் என்ற மதிப்பு வந்துவிட்டது. 1850இல் தமக்கை மகள் தனக்கோடி அம்மையாருடன் திருமணமும் நிகழ்ந்தது. எனினும் இல்லற வாழ்வில் அவர் மனம் ஒன்றவில்லை. 1858இல் சென்னையை விட்டுப் புறப்பட்டார். சிதம்பர வழிபாட்டுக்குப்பின் கருங்குழியில் மணியக்காரர் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் 9 ஆண்டுகள் தங்கினார்.

நடத்தை கேளாத அடுப்பு

1865இல் சன்மார்க்க சங்கம் கண்டார். 1866இல் ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் வடபகுதிகளையும் பெரும்பஞ்சம் தாக்கியது. 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பட்டது. ஊரார் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து வழங்கினர். 21 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட அடுப்பில் அன்று மூட்டிய தீ, 150 ஆண்டுகளைக் கடந்து இன்றும் எரிகிறது.

தருமச்சாலையின் கொள்கை நூலாக அமைந்த சீவகாருணிய ஒழுக்கத்தைப் படித்தவர்கள் அதில் ஒரு பகுதியை மறக்க முடியாது. பசி வந்தால் கண் என்னாகும், காது என்னாகும், நா என்னாகும், கைகால் என்னாகும், அறிவும் நினைவும் என்னாகும் என்று உறுப்பு உறுப்பாக அடிகள் சொல்லிச் செல்வார். மருத்துவர் ஒருவரின் குறிப்பேடு போலிருக்கும் அப்பகுதி. பிறர் பசியை வெளியிலிருந்து பார்த்தவர்கள் மெலிந்த உடலைச் சொல்வார்கள். காதுக்குள் கேட்கும் இரைச்சலைச் சொல்வதற்குப் பசித்துக் கிடந்திருக்க வேண்டும்.

அந்நூலில் வேறொரு நெறியும் உண்டு. பசித்தவரிடம் எந்த நாடு, எந்தச் சமயம், எந்தச் சாதி என்று விசாரிக்கலாகாது என்கிறார். இவை மூன்றும் நாம் எதிர்பார்ப்பவையே. அறம் பேசியோர் பலரும் பேசியவையே. இவற்றோடு நான்காவதாக, பசித்தவரின் செய்கையையும் விசாரிக்கலாகாது என்கிறார். அவர் நல்லவரா, உழைப்பவரா, சொன்ன சொல் கேட்பவரா என்ற வினா சோற்றுக்கு முன்னால் எழக்கூடாது.

நாம் இவ்விடத்தைப் பலமுறை படித்திருந்தும், நம் மாணவரின் வினாவுக்குப் பிறகே அது கண்ணில் தைத்தது. ஏழுகிணற்று வீட்டில் அச்சிறுவனுக்குச் சோறு மறுக்கப்பட்டது சாதியாலன்று, சமயத்தாலன்று, நடத்தையால். படித்தால் சோறு, படிக்காவிட்டால் இல்லை. அன்பும் அக்கறையும் உள்ளவர்களே உணவைத் தண்டனைக் கருவியாக்கிவிடுவர் என்பதை அவர் சிறுவயதிலேயே கண்டார். சோற்றையும் நடத்தையையும் பிணைத்திருந்த அந்த முடிச்சை வடலூரில் அவிழ்த்தார்.

அவர் நெறியே வேண்டாம் என்பாரும் நெறிப்படுத்தக் கூடாது என்பாரும் அல்லர். 1872ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், தைப்பூசத்தன்று, வழிபாடு தொடங்கிய சத்திய ஞானசபைக்குள் கொலையும் புலாலும் நீத்தவரே புகலாம் என்று விதித்தார். சபைக்கு நிபந்தனை உண்டு, சாலைக்கு இல்லை. வழிபடுவதற்குத் தகுதி கேட்கலாம், உண்பதற்குக் கேட்கலாகாது. இந்த வேறுபாட்டை ஒரு நிறுவனத்தின் அமைப்பிலேயே நிறுத்திக்காட்டியதுதான் அவர் தலைமையின் தனித்தன்மை என்று நாம் கருதுகிறோம். முன்வாசலில் ஒருவர் நெறி பேசலாம். பின்வாசலில் ஒருவர் சோறிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பாப்பாத்தி அம்மாள் ஒளித்துச் செய்ததை அவர் வளர்த்த பிள்ளை, ஊரறிய, நாள்தோறும், எல்லோருக்குமாகச் செய்தார்.

ஞானசபையில் அவர் நிறுவியது விளக்கும் கண்ணாடியும். ஏழு திரைகளுக்குப் பின்னால் ஒளி. உருவத் திருமேனி ஏதும் இல்லை. இதன் தத்துவப் பொருள் ஆழமானது. அதை இங்கு விரிக்க இடமில்லை. ஆயினும் ஒன்பது அகவையில் மாடியறைக்கு அவர் கேட்டு வாங்கிய பொருள்கள் எவை என்பதை வாசகர்கள் நினைவில் கொண்டால் போதும்.

கற்பித்தலிலும் இந்த இளமையின் தடம் உண்டு. வற்புறுத்திக் கற்பிக்கப்பட்டவர் கல்வியை வெறுக்கவில்லை. சிறுவர் முதல் முதியவர் வரை பயிலும் பாடசாலை ஒன்றை அமைக்க முனைந்தார். பொதுமக்களுக்குத் திருக்குறள் பாடம் நடத்தச் செய்தார். அதிகாரத்தைப் பற்றிய எச்சரிக்கையும் அவரிடம் இருந்தது. காவி அணியாமல் வெள்ளாடையே உடுத்தார். திருவருட்பா அச்சேறிய காலத்தில் தம் பெயரோடு சாமி என்ற சொல்லைச் சேர்ப்பது தமக்கு உடன்பாடன்று, அது ஆரவாரம் என்று இறுக்கம் இரத்தின முதலியாருக்குக் கடிதம் எழுதினார். மடத்தின் வழி வராத, முறையான ஆசிரியர் இல்லாத ஒருவரின் பாடலை அருட்பா என்பதா என்று ஆறுமுக நாவலர் தரப்பினர் எழுப்பிய எதிர்ப்பு 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது யாவரும் அறிந்ததே.

பட்டது மட்டும் போதுமா?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். துன்பம் ஞானியாக்கும் என்றால் அந்த வீட்டில் ஐந்து ஞானியர் தோன்றியிருக்க வேண்டும். தந்தையை இழந்தது ஐவருமே. வறுமை ஐவருக்குமே. சபாபதி பிள்ளைக்கு அத்துன்பம் கட்டுப்பாடாகவும் அச்சமாகவும் உறைந்தது. தம்பிக்கு இரக்கமாகக் கசிந்தது. கண்டிப்பாக வளர்க்கப்பட்ட பலர் தாமும் கண்டிப்பானவராகவே ஆவதை நாம் ஆசிரியப் பணியில் நாள்தோறும் காண்கிறோம். நானும் பட்டினி கிடந்துதான் படித்தேன், நீயும் கிட என்பார் உண்டு. அதே பட்டினியிலிருந்து, நான் கிடந்தது போதும், இனி எவரும் கிடக்க வேண்டாம் என்று சொல்பவர் அரியர்.

வேறுபாடு எங்கே பிறக்கிறது? ஒன்று, மறுத்தவர் ஒருவர் இருந்த அதே வீட்டில் அளித்தவர் ஒருவரும் இருந்தார். பசி மட்டுமே கிடைத்திருந்தால் வன்மம் விளைந்திருக்கலாம். பசியோடு ஒரு கைச் சோறும் கிடைத்ததால் இரக்கம் விளைந்தது. மற்றொன்று, அடிகள் தம் இளமையை மறக்கவுமில்லை, அதிலேயே தங்கிவிடவுமில்லை. மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்று அதை ஆராய்ந்தார். 133 பாடல்கள் கொண்ட பிள்ளைப் பெருவிண்ணப்பம் அதற்குச் சான்று. சிறுவயது முதல் தாம் எவற்றுக்கெல்லாம் அஞ்சினோம், எவரது குரல் கேட்டு நடுங்கினோம், எவர் பசி கண்டு இளைத்தோம் என்று தந்தையாகிய இறைவனிடம் ஒரு பிள்ளை ஒப்புவிக்கும் நீண்ட முறையீடு அது. மேடைதோறும் முழங்கப்படும் அந்தப் பயிர்ப் பாட்டு அதனுள் வருவதே. அப்பாட்டில் பயிரைத் தொடர்ந்து, வாசல் வாசலாகக் கையேந்தியும் வயிறு நிறையாத மனிதர் வருகிறார். முதலடியை முழங்குவோர் அந்த மனிதரை எட்டுவதற்குள் கைதட்டல் எழுந்துவிடுகிறது.

தம் முற்காலத்தை அவர் எவ்வளவு தெளிவாக எடைபோட்டார் என்பதற்கு இன்னொரு சான்று 1873ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றி ஆற்றிய பேருபதேசம். ஒரு காலத்தில் சைவத்தின்பால் தமக்கிருந்த பற்று அளவிட முடியாதது என்றும், அது தமக்கு அறிவு சிறுத்திருந்த காலம் என்றும் அங்கே அவரே சொல்கிறார். மக்கள் உருகிப் பாடும் தம் பாடல்களையே ஒரு படியாகக் காட்டி, மேலே ஏறியதைச் சொல்கிறார். பிறக்கும்போதே நிறைவுற்றவர் என்று நாம் சாதிப்பது அவர் வாக்குக்கே மாறானது. வளர்ந்தவர் அவர், வளர்ந்ததை மறைக்காதவர். 1874ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் சித்திவளாகத்து அறைக்குள் புகுமுன் தம் விளக்கை வெளியே வைத்து, அதை வழிபடுமாறு அன்பர்களிடம் ஒப்படைத்துச் சென்றார்.

அவர் மறைந்து இரண்டாண்டுகளில் 1876-78இன் பெரும்பஞ்சம் தென்னகத்தைச் சூறையாடியது. மூட்டப்பட்டு பத்தாண்டுகூட நிறையாத அந்த அடுப்பு அப்போது எரிந்துகொண்டிருந்தது.

நம் மாணவருக்கு இவற்றையெல்லாம் சொல்ல ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. மூன்றாமாண்டின் இறுதியில் ஒருநாள் அழைத்து, அண்ணன்மீது நாம் சாட்டிய குற்றம் மிகை என்றும், அவர் அஞ்சியதில் தவறில்லை, சோற்றை மறுத்ததில்தான் தவறு என்றும் சொன்னோம். அமைதியாகக் கேட்டுக்கொண்டார். "தம்பிகிட்ட நான் ரெண்டு மாசமா பேசறதில்லைங்கய்யா" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் நாமும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் அப்பாடத்தை அண்ணனிடமிருந்தே தொடங்குகிறோம். வகுப்பு முன்போல் உடனே அமைதியாகிவிடுவதில்லை, வினாக்கள் எழுகின்றன. தைப்பூசத்துக்கு வடலூர் செல்லும் அன்பர்கள் ஏழு திரை விலகும் சோதியைக் கண்டபின், கூட்டம் குறைந்த ஒரு நாழிகையில் தருமச்சாலை அடுப்பின் முன்பும் சற்று நிற்க வேண்டுகிறோம். உண்ண வருவோரிடம் அங்கே எவரும் எதையும் விசாரிப்பதில்லை.